மணலின் சூடும் ஜாடியின் வேடும்

பூம்புகார்க் கடற்கரையில் பங்குனி ஆமையின் முட்டைக்குள் ஆண், பெண் என்பது எப்படி முடிவாகிறது? செல்கள் தங்கள் வேலையை அறிந்துகொள்ளும் எபிஜெனடிக்ஸ் வழிமுறை, ஒரு சமையலறையின் துணையோடு.

தை மாதம் தொடங்கிச் சித்திரை வரை, காவிரி கடலில் சேரும் பூம்புகாரை ஒட்டிய மணல்வெளிகளில் இரவில் பங்குனி ஆமைகள் கரையேறுகின்றன. ஏறத்தாழ நாற்பது கிலோ எடையுள்ள தாய் ஆமை, அலை எட்டாத மேட்டுக்கு ஊர்ந்து வந்து, பின்துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறிக்கும். நூறு, நூற்றிருபது முட்டைகளை இட்டு, மணலைத் தள்ளி மூடி, உடம்பால் அழுத்திச் சமன் செய்துவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அதன் பிறகு அது முட்டைகளைத் தேடி வருவதில்லை. அடைகாப்பது மணல்தான். 45 முதல் 60 நாளுக்குள் குஞ்சுகள் மணலைக் கிளறிக்கொண்டு மேலே வரும்.

அடைகாக்கும் அந்த மணலே, உள்ளே இருக்கும் கரு ஆணா பெண்ணா என்பதையும் முடிவு செய்கிறது. நம்மில் அந்த முடிவு கருத்தரிக்கும் கணத்திலேயே எக்ஸ், ஒய் குரோமோசோம்களால் எடுக்கப்பட்டுவிடும். கடலாமைகளுக்கு அப்படிப் பால் பிரிக்கும் குரோமோசோம் கிடையாது. மணலின் வெப்பம் 29 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் குஞ்சுகள் பெரும்பாலும் ஆண்; 31, 32 டிகிரியை எட்டினால் பெரும்பாலும் பெண்; நடுவில் இரண்டும் கலந்து வரும். கடற்கரைக்குக் கடற்கரை இந்த எல்லை சற்றே நகரும். ஒடிசாவின் பங்குனி ஆமை முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் அடைவைத்து 1980களில் இதைக் காட்டியவர், உத்கல் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அறிஞர் பிரியம்வதா மொஹந்தி ஹெஜ்மாடி. இந்தக் கட்டுரையில் அவர் இன்னொரு முறையும் வருவார்.

வெப்பம் எந்த மரபணுவையும் மாற்றி எழுதுவதில்லை. ஒரே குழியில் கிடக்கும் ஆண் கருவும் பெண் கருவும் ஒரே வகையான மரபணுத் தொகுதியைக் கொண்டவை. பிறகு எப்படி ஒன்றில் விந்தகமும் மற்றொன்றில் சூலகமும் உருவாகின்றன? இந்தக் கேள்வி ஆமையோடு முடிவதில்லை. நம் கண்ணின் செல்லிலும் கல்லீரலின் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. ஒன்று ஒளியை உணர்கிறது, மற்றொன்று பித்தநீரைச் சுரக்கிறது. ஒரே ஒரு கருவுற்ற முட்டையிலிருந்து புறப்பட்ட செல்கள் இத்தனை விதமாக எப்படிப் பிரிந்தன? பதிலைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரே ஜாடிகள், வேறு வேறு சமையல்

காவிரிக் கரையில் ஒரு பழைய கூட்டுக்குடும்ப வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் சமையலறையில் வரிசை வரிசையாக ஜாடிகள். புளி, வெல்லம், மாவடு, நார்த்தங்காய், உளுந்து, உறைமோர் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பொருள். அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போகும்போது, ஒரு ஜாடிகூடக் குறையாமல் அதே வரிசையை ஒவ்வொருவருக்கும் கொடுத்து அனுப்புவார்கள்.

சில தலைமுறை கழித்துப் போய்ப் பார்த்தால், ஒரு வீட்டில் காலை முழுக்க இட்லி வேகிறது. இன்னொரு வீட்டில் அதிரசம் தட்டுகிறார்கள். மூன்றாவது வீட்டு மாடியில் வடாம் காய்கிறது. எல்லா வீட்டிலும் எல்லா ஜாடியும் இருக்கின்றன. எந்த ஜாடிக்குள் கை போகிறது, எந்த ஜாடி மூடியே கிடக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

செல் என்பது அந்தச் சமையலறை. மரபணு என்பது ஜாடி. ஒரு மரபணுவைச் செல் படித்துப் புரதமாக ஆக்குவது, ஜாடிக்குள் கைவிட்டுப் பண்டத்தை எடுத்து அடுப்பேற்றுவது. நம் ஒவ்வொரு செல்லிலும் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அவற்றில் எவை திறந்திருக்கின்றன, எவை மூடியிருக்கின்றன என்ற அமைப்பே அந்தச் செல்லின் அடையாளம். டிஎன்ஏவின் எழுத்தில் கைவைக்காமல் இந்தத் திறப்பையும் மூடலையும் நடத்தி, அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த செல்லுக்கும் ஒப்படைக்கும் ஏற்பாடுகளின் தொகுப்பே எபிஜெனடிக்ஸ். 1942இல் இந்தப் பெயரை வைத்தவர் பிரிட்டனின் கருவியல் அறிஞர் கான்ராட் வாடிங்டன். டிஎன்ஏவின் வடிவம் தெரிவதற்குப் பத்தாண்டு முன்பே, மரபணுவுக்கும் உடலுக்கும் நடுவில் ஏதோ பெரிய வேலை நடக்கிறது என்று அவர் கண்டிருந்தார்.

முதல் படி: பரணும் மேடையும்

மனிதச் செல் ஒன்றின் டிஎன்ஏவை நீட்டினால் சுமார் இரண்டு மீட்டர் வரும். அது செல்லின் கண்ணுக்கே தெரியாத உட்கருவுக்குள் அடங்க வேண்டும். அதற்காக ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் எட்டு சேர்ந்து ஓர் உருண்டையாகின்றன. அதன்மேல் டிஎன்ஏ இழை 147 எழுத்து நீளத்துக்குச் சுற்றிக்கொள்கிறது. சற்று இடைவெளி விட்டு அடுத்த உருண்டை, அடுத்த சுற்று. இப்படிக் கோடிக்கணக்கில்.

இந்தச் சுற்றுகள் நெருங்கி இறுகிய பகுதி, பரண்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்த ஜாடிகளைப் போன்றது. பண்டம் பத்திரமாக இருக்கும், கை எட்டாது. சுற்றுகள் தளர்ந்து இடைவெளியோடு இருக்கும் பகுதி, அடுப்பு மேடையில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த ஜாடிகள். கல்லீரல் செல்லில் மேடையில் இருப்பது கண் செல்லில் பரணில் இருக்கும். ஒரு செல் எதற்கு ஆனது என்பதில் பாதி இந்த இடம் பிரிக்கும் வேலையிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: வேடு

மேடையில் இருக்கும் ஜாடிகளிலும் சிலவற்றின் வாயை வெள்ளைத்துணியால் மூடி, கழுத்தில் கயிற்றால் கட்டியிருப்பார்கள். ஊறுகாய் ஜாடிக்குக் கட்டும் அந்த வேடு, பண்டத்தை எதுவும் செய்வதில்லை. அவிழ்க்கும் வரை கை உள்ளே போகாது, அவ்வளவுதான். அவிழ்ப்பதும் எளிது.

செல்லில் இந்த வேடு மிகச் சிறிய வேதிப்பொருள். ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில் குழு. ஹிஸ்டோன் உருண்டைகளிலிருந்து வால் போன்ற இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எச்3 என்ற ஹிஸ்டோனின் வாலில் 27ஆவது இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதன்மேல் மூன்று மெத்தில் குழுக்கள் ஏறிவிட்டால், அந்த இடத்து மரபணுவுக்கு வேடு கட்டியாயிற்று. கட்டுவது பாலிகோம்ப் என்னும் புரதக் கூட்டம். அவிழ்ப்பதற்குத் தனி நொதிகள் உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் கேடிஎம்6பி. அந்தப் பெயரைச் சற்று நினைவில் வையுங்கள். ஆமையின் கதை அதன் கையில்தான் இருக்கிறது.

வேடு எவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொன்னது பழ ஈ. ஆண் ஈயின் முன்னங்காலில் மட்டும் சீப்புப் போன்ற ஒரு முள்வரிசை இருக்கும். பாலிகோம்ப் கெட்ட ஈக்களில் நடுக்காலிலும் பின்னங்காலிலும் அதே சீப்பு முளைத்தது. பிழையான இடத்தில் ஜாடி திறந்துகொண்டது. நடுக்கால் செல்லுக்குத் தான் நடுக்கால் என்பதே மறந்துபோனது.

மூன்றாம் படி: மண் பூச்சு

நெடுநாள் தொடவே போவதில்லை என்று தெரிந்தால் வெறும் துணியோடு விடமாட்டார்கள். குதிரின் வாயை அடைப்பதுபோல மூடியோடு சேர்த்து மண் பூசிவிடுவார்கள். செல்லிலும் அப்படி ஓர் அடைப்பு உண்டு. இங்கே மெத்தில் குழு ஹிஸ்டோன் வாலில் அமராமல் டிஎன்ஏவின் எழுத்திலேயே, சைட்டோசின்மேல், அமர்கிறது. எழுத்து மாறுவதில்லை. ஆனால் மரபணுவின் வாய்ப்பகுதியில் இது நிறையப் படிந்தால் படிக்கும் புரதங்கள் அங்கே ஒட்ட முடியாது.

வேட்டுத்துணியை விட இது நிலையானது. பெண் பாலூட்டிகளின் செல்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று வாழ்நாள் முழுக்க அடைபட்டே கிடக்கும் என்று 1961இல் சொன்னவர் மேரி லயன். அந்த அடைப்பை ஆயுளுக்கும் காப்பதில் டிஎன்ஏமேல் விழும் இந்த மெத்தில் பூச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு குரோமோசோமையே பூசி ஒதுக்கி வைக்கும் வலு அதற்கு இருக்கிறது.

நான்காம் படி: தனிக்குடித்தனம்

கரு வளர்வதென்றால் செல்கள் பிரிந்து பெருகுவது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் டிஎன்ஏ முழுவதும் படியெடுக்கப்படுகிறது. அதாவது, ஜாடி வரிசை முழுவதும் இரண்டாகிறது. ஜாடி மட்டும் போய் வேடும் பூச்சும் போகாவிட்டால், புதுக்குடித்தனத்தில் எல்லா ஜாடியும் வாய் திறந்து கிடக்கும். கல்லீரல் செல் பிரிந்தால் கல்லீரல் செல் வராது.

இதற்கு உடல் வைத்திருக்கும் ஏற்பாடு அழகானது. டிஎன்ஏ இரட்டை இழை. படியெடுத்த பிறகு ஒவ்வொரு புது இரட்டையிலும் ஒரு பழைய இழையும் ஒரு புதிய இழையும் இருக்கும். பழைய இழையில் பூச்சு அப்படியே இருக்கிறது, புதியதில் இல்லை. டிஎன்எம்டி1 என்ற நொதி இந்தப் பாதிப் பூச்சைக் கண்டுபிடித்து, எதிரே இருக்கும் புதிய இழையிலும் பூசிவிடும். ஹிஸ்டோன் வேட்டிலும் இதே முறைதான். பழைய உருண்டைகள் இரு பக்கமும் பங்கிடப்படுகின்றன. பாலிகோம்ப் கூட்டம் பழைய வேட்டை அடையாளம் கண்டு, பக்கத்தில் வந்து சேர்ந்த புது ஜாடிக்கும் அதேபோல் கட்டுகிறது. தாய்வீட்டு வழக்கம் மகள்வீட்டுக்குப் போகிறது. யாரும் எழுதிக் கொடுக்காமலே, பக்கத்தைப் பார்த்துப் பக்கம் செய்வதால் போகிறது.

இந்த நான்கு படிகளும் முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு ஏறத்தாழப் பொது. இனி பூம்புகார் மணலுக்குள் போவோம்.

ஐந்தாம் படி: சூடு உள்ளே வரும் வழி

அடைகாலத்தின் முதல் பகுதியில் ஆமைக் கருவின் பாலுறுப்பு ஆணுமில்லை, பெண்ணுமில்லை. இரண்டில் எதுவாகவும் ஆகக்கூடியது. அதை அந்தச் சமையலறையில் அடுப்பருகே வைத்த பால் என்று கொள்வோம். உறைமோர் விழுந்தால் அது தயிராகும். உறைமோர் விழாமல் சூட்டிலேயே சுண்டினால் திரட்டுப்பாலாகும். தயிரை விந்தகம் என்றும் திரட்டுப்பாலைச் சூலகம் என்றும் வையுங்கள். எல்லாம் உறைமோர் ஜாடியின் வாயைப் பொறுத்தது.

ஆமைக் கருவில் அந்த உறைமோர் டிஎம்ஆர்டி1 என்ற மரபணு. அதிலிருந்து வரும் புரதம் தானே விந்தகத்தைக் கட்டுவதில்லை. ஆணுக்கான மற்ற மரபணுக்களை வரிசையாக எழுப்பிவிடுகிறது. துளி விழுந்தால் சட்டி முழுக்க உறைவதைப் போல. தொடக்கத்தில் அந்த ஜாடிக்கு வேடு கட்டியிருக்கிறது. அவிழ்க்க வேண்டியது கேடிஎம்6பி.

இதைக் கண்டறிந்த சோதனை சிவப்புக்காது ஆமை என்னும் அமெரிக்க நன்னீர் இனத்தில் நடந்தது. அந்த இனத்தில் 26 டிகிரியில் ஆணும் 32 டிகிரியில் பெண்ணும் வரும். சீனாவின் நிங்போ நகரத்து ஆய்வாளர்களும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தின் பிளான்ச் கேபல் குழுவும் சேர்ந்து 2018இல் சயன்ஸ் இதழில் முடிவை வெளியிட்டார்கள். 26 டிகிரியில் கருவின் பாலுறுப்பில் கேடிஎம்6பி மிகுதியாக இருக்கிறது. அது டிஎம்ஆர்டி1இன் வாய்ப்பகுதியில் இருக்கும் மெத்தில் வேட்டை அவிழ்க்கிறது. ஆண் பாதை தொடங்குகிறது. அவர்கள் செய்த அடுத்த வேலைதான் ஐயத்தைத் தீர்த்தது. 26 டிகிரியிலேயே அடைவைத்து, கேடிஎம்6பியை மட்டும் அடக்கினார்கள். பிழைத்த கருக்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் பெண் பாதைக்குத் திரும்பிவிட்டன. அப்படி அடக்கிய கருவில் டிஎம்ஆர்டி1ஐ வேறு வழியில் மிகுதியாக்கியபோது மறுபடி ஆண் பாதை வந்தது. வேடு அவிழ்வதே முடிவு என்பது உறுதியானது.

மணலின் சூடு வெளியே இருக்கிறது, நொதி செல்லின் உட்கருவுக்குள் இருக்கிறது. சூடு எப்படி அந்தக் கையைத் தடுக்கிறது? அதே கூட்டுக் குழு 2020இல் இதற்கும் விடை தந்தது. வெப்பம் கூடும்போது பாலுறுப்புச் செல்களுக்குள் கால்சியம் பாய்கிறது. கால்சியம் ஏறினால் ஸ்டாட்3 என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அது நேராகப் போய்க் கேடிஎம்6பி மரபணுவின்மேல் உட்கார்ந்து அதை அடக்கிவிடுகிறது. அவிழ்க்கும் கையே உருவாகாததால் உறைமோர் ஜாடியின் வேடு அவிழாமல் கிடக்கிறது. பால் சுண்டத் தொடங்குகிறது. அரோமாட்டேஸ் என்ற நொதி ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது, சூலகம் உருவாகிறது. இதே சிவப்புக்காது ஆமையில் அரோமாட்டேஸ் மரபணுவின் வாய்ப்பகுதியைப் பார்த்தால், ஆண் வெப்பநிலையில் டிஎன்ஏவின் மண் பூச்சு கூடுதலாகவும், பெண் வெப்பநிலையில் சூலகம் வளர வளரக் குறைவாகவும் இருக்கிறது. ஒரு ஜாடியின் வேடும் இன்னொரு ஜாடியின் பூச்சும் சேர்ந்து ஒரே பக்கம் இழுக்கின்றன.

சூடு எப்போது கேட்கப்படுகிறது என்பதும் முக்கியம். அடைகாலத்தை மூன்றாகப் பிரித்தால் நடுப்பங்கில்தான் பாலுறுப்பு வெப்பத்துக்குச் செவிகொடுக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் மணல் சூடானாலும் குளிர்ந்தாலும் பால் மாறாது. இரண்டு, மூன்று வாரச் சூடு ஓர் உயிரின் வாழ்நாள் முழுமைக்கும் விடை சொல்லிவிடுகிறது.

கொள்ளிடத்து முதலையின் கணக்கு வேறு

வெப்பம் பாலை முடிவு செய்யலாம் என்பதை 1966இல் முதலில் கவனித்தவர் மதலேன் ஷார்னியே. செனகல் நாட்டில் ஒரு பல்லி இனத்தில் கண்டார். சில ஆண்டுகளில் பிரான்சின் குளோத் பியோ ஆமைகளிலும் கண்டார். நம் மண்ணில் முக்கியமான வேலை கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள சென்னை முதலைப் பண்ணையில் நடந்தது. 1976இல் தொடங்கிய அந்தப் பண்ணையில் ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ரோமுலஸ் விட்டேக்கர் மூவரும் சதுப்புநில முதலையின் முட்டைகளை அடைவைத்து 1989இல் முடிவைப் பதிப்பித்தார்கள். பூம்புகாருக்கு வடக்கே கொள்ளிடத்தில் வாழ்வதும் அதே இனம்தான்.

முதலை முட்டைகள் 28 முதல் 31 டிகிரி வரை பெண்களையே தந்தன. 32.5 டிகிரியில் ஆண்கள் மட்டும். 31.5, 32, 33 டிகிரிகளில் இரண்டும் கலந்து. ஆமைக்குச் சூடு பெண்ணைத் தருகிறது. முதலைக்கு அதே அளவு சூடு ஆணைத் தருகிறது, இன்னும் ஏறினால் பெண்ணும் கலந்து வருகிறது. சூட்டுக்கு என்று ஆண் குணமோ பெண் குணமோ கிடையாது. எந்த ஜாடியின் வேட்டோடு சூடு பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒவ்வொரு இனமும் தன் பரிணாமத்தில் தனித்தனியே அமைத்துக்கொண்டிருக்கிறது.

முடிவைக் காப்பதும் நாள்தோறும் நடக்கும் வேலை

இந்த இடத்தில் சமையலறை உவமை தன் எல்லைக்கு வந்துவிடுகிறது. தயிர் மறுபடி பாலாகாது. செல்லின் அடையாளம் அவ்வளவு உறைந்த பொருள் அல்ல. தினமும் காக்கப்படுவதால் நிற்கிறது.

வளர்ந்த பெண் எலியின் சூலகத்தில் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவை 2009இல் நீக்கிப் பார்த்தார்கள். முட்டையைச் சூழ்ந்திருக்கும் செல்கள் விந்தகத்துச் செல்களைப் போல மாறத் தொடங்கின. 2011இல் வளர்ந்த ஆண் எலியில் டிஎம்ஆர்டி1ஐ நீக்கினார்கள். விந்தகத்துச் செல்கள் சூலகத்துச் செல்களைப் போலாயின. பாலூட்டியில் பால் குரோமோசோமால் முடிவானது, பிறந்து வளர்ந்தும் ஆயிற்று. இருந்தும் காவல் விலகியதும் எதிர் ஜாடிகள் திறந்துகொண்டன. மூடிய ஜாடிகளும் உள்ளே பண்டத்தோடுதான் இருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதே உண்மையை வேறு பக்கமிருந்து காட்டியவர் மொஹந்தி ஹெஜ்மாடி. 1992இல் நேச்சர் இதழில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு தவளை இனத்தின் தலைப்பிரட்டைகளின் வாலை நறுக்கி, வைட்டமின் ஏ கலந்த நீரில் வைத்தார்கள். வெட்டிய இடத்தில் வால் முளைக்கவில்லை. பின்னங்கால்கள் முளைத்தன. வால் செல்லிடம் காலுக்கான ஜாடிகளும் இருந்தன. உடம்பில் எந்த இடம் எதுவாக வேண்டும் என்று சொல்லும் ஹாக்ஸ் மரபணுக்களை வைட்டமின் ஏயிலிருந்து வரும் அமிலம் கலைத்துவிட, செல்கள் தங்கள் இடத்தை வேறாக எண்ணிக்கொண்டன. பழ ஈயில் பாலிகோம்ப் வேடு கட்டிக் காத்துவந்ததும் இதே ஹாக்ஸ் மரபணுக்களைத்தான். புவனேஸ்வரத்தில் ஆமை முட்டையையும் தலைப்பிரட்டையின் வாலையும் ஆராய்ந்த ஒருவரின் இரு வேலைகளும் ஒரே கேள்வியில் வந்து சேர்கின்றன: தான் யார் என்பதைச் செல் எங்கே வைத்திருக்கிறது?

ஜப்பானின் ஷின்யா யமனாக்கா 2006இல் நான்கே மரபணுக்களைக் கொண்டு எலியின் தோல் செல்லைக் கருநிலைச் செல்லைப் போல் திருப்பினார். மூடியிருந்த ஜாடிகளையெல்லாம் மறுபடி திறக்க முடியும் என்று நிறுவியதற்காக, 1962இலேயே தவளையில் அதற்கு அடித்தளமிட்ட ஜான் கர்டனோடு சேர்த்து 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பொரிப்பகத்தில் இது எதற்கு?

பூம்புகாரை அடுத்த வானகிரியிலும், வடக்கே கூழையாரிலும் வனத்துறை ஆமை முட்டைப் பொரிப்பகங்களை நடத்துகிறது. இரவில் முட்டைகளைத் தேடியெடுத்து, நாய், நரி, மனிதர் தொடாதபடி வேலிக்குள் புதைத்து, குஞ்சுகள் வந்ததும் கடலில் விடுகிறார்கள். சென்னையில் 1988 முதல் மாணவர்களும் இளைஞர்களும் கூடி இரவிரவாகக் கடற்கரையில் நடந்து இதே பணியைச் செய்துவருகிறார்கள். இவர்கள் செய்வது போற்ற வேண்டிய வேலை. 2025 தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய ஆமைகளைப் பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு முட்டையின் மதிப்பும் தெரியும்.

இந்த அறிவியல் அவர்கள் வேலையோடு ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறது. முட்டையைக் காப்பாற்றி வேறிடத்தில் புதைக்கும்போது நாம் அதன் சூட்டையும் மாற்றுகிறோம். நிழலில்லாத வெயிலில் ஒரு வேலிக்குள் எல்லா முட்டையையும் நெருக்கிப் புதைத்தால், எல்லாக் கருவும் ஒரே சூட்டைப் பெறும். உறைமோர் ஜாடி எதிலும் திறக்காமல் போகலாம். தை மாத மணல் குளிர்ச்சியானது, ஆண் குஞ்சுக்கு வாய்ப்பு தருவது. பங்குனி, சித்திரை மணல் கொதிப்பானது. பருவத் தொடக்கத்து முட்டைகள் எண்ணிக்கையில் குறைவு என்று விட்டுவிட்டால், ஆண்களைத் தரக்கூடிய முட்டைகளை விட்டுவிட்டோம் என்று பொருள். 34, 35 டிகிரிக்குமேல் மணல் நீடித்துச் சூடாக இருந்தால் கருவே பிழைக்காது.

இது வெறும் அச்சம் அல்ல. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த பச்சை ஆமைகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். இளம் ஆமைகளில் 99 விழுக்காடு பெண். மணல் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சூடேறி வந்ததன் விளைவு அது. ஓர் ஆண் பல பெண்களோடு கூடும் என்பதால் உடனே இனம் அழியாது. ஆனால் ஆணே பிறக்காத கடற்கரைக்கு எதிர்காலம் இல்லை. குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லவும் முடியாது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. இன்று கடலில் விடும் குஞ்சு பத்துப் பதினைந்து ஆண்டு கழித்தே முட்டையிட வரும். தவறு நடந்திருந்தால் நமக்குத் தெரியவே அத்தனை காலம் ஆகும்.

கடற்கரையில் நாம் செய்யும் மற்ற வேலைகளும் இதே கணக்கில் சேரும். அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய இடத்தில் ஆமை ஏற முடியாது. சுனாமிக்குப் பிறகு கடலோரம் நெருக்கி நட்ட சவுக்குத் தோப்பு மணலை மறைத்து முட்டையிடும் இடத்தைக் குறுக்கும். மணலுக்குத் தேவை திறந்த மேடும், அங்கங்கே இயல்பான நிழலும், இரவில் இருட்டும்.

பொரிப்பகத்தில் செய்யக்கூடியவை எளியவை. முட்டை கிடக்கும் ஆழத்தில் ஒரு வெப்பமானியைப் புதைத்து அடைகாலத்தின் நடுப்பங்கில் நாள்தோறும் குறித்துவைக்கலாம். வேலிக்குள் ஒரு பகுதிக்கு மட்டும் கீற்றுப் பந்தல் போட்டு, பாதி நிழல், பாதி வெயில் என்று பிரித்துப் புதைக்கலாம். தை மாதத்து முட்டைக்கும் பங்குனி முட்டைக்கும் சமமான அக்கறை தரலாம். ஆபத்தில்லாத இடத்தில் தாய் தேர்ந்த குழியை அப்படியே விட்டுக் காவல் மட்டும் போடலாம். பதிவேட்டில் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று எழுதும் பக்கத்தில், மணல் எத்தனை டிகிரி என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். பத்து ஆண்டுப் பதிவு சேர்ந்தால், நம் கடற்கரை எந்தத் தலைமுறையை வளர்த்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

மரபணுவைப் பெற்றோர் கொடுத்துவிட்டார்கள். அதில் எதைத் திறப்பது என்று சொல்லும் பொறுப்பில் ஒரு பங்கு மணலிடம் இருக்கிறது. மணல் நம் பொறுப்பில் இருக்கிறது. அதனால்தான் அந்த ஒரு கட்டத்தை இந்தப் பருவத்திலேயே சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.